கூட்டுக்குப் போட்ட விலை

அந்தக் கம்பிக் கூடு இப்போது ராத்தாவின் கருவாட்டு வாடியில், கொட்டகையின் நடு வளையிலிருந்து ஒரு நைலோன் கயிற்றில் தொங்குகிறது. வெள்ளை வர்ணம் பூசிய கம்பிகள் உப்புக் காற்றில் பல இடங்களில் துருவேறிவிட்டன. உள்ளே நாலு அலுமினியத் தட்டுகள். கடற்காற்று கிடுகு இடுக்குகளால் நுழையும்போது கூடு மெல்லச் சுற்றும், தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும், கம்பிகளின் நிழல் மணல் தரையில் ஒரு வலையைப் போல விரிந்து சுருங்கும். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் அதை வாங்கிய நாள் எனக்குத் திரும்ப வருகிறது. அன்று கடையில் இருந்தவர்கள் ராத்தா, வாப்பா, நான், கடை முதலாளி. இல்லாதவர்கள் இருவர். ராத்தாவின் கணவரான மச்சான் கட்டாரில் ஒரு கட்டட வேலையில் இருந்தார். உம்மா நான் ஆறாம் வகுப்பில் படிக்கும்போதே மவுத்தாகிவிட்டார். இல்லாதவர்களையும் எண்ணுவதற்குக் காரணம் உண்டு. உம்மா இருந்திருந்தால் காசு கொடுத்துப் பூனை வாங்க எங்களை விட்டிருக்க மாட்டார். மச்சான் இருந்திருந்தால் பேரம் பேசியிருப்பார். ஆனால் பூனைக்குத்தான் பேசியிருப்பார், கூட்டுக்கு அல்ல.

எங்கள் ஊர் பள்ளிவாசல்துறை. ராத்தா என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவள். ஐந்தாம் வகுப்போடு உம்மாவுக்குப் பக்கத்தில் மீன் வெட்டக் குந்தியவள், உம்மா போன பிறகு அந்தப் பலகையிலேயே தனியாகக் குந்தினாள். வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான்தான். முடித்தேன் என்று நான் சொல்வது அரைவாசிதான் உண்மை. என் கணித டியூஷனுக்குக் கட்டணம் அவளுடைய நெத்தலிக் கருவாடு, ஆங்கில டியூஷனுக்குக் கட்டாக் கருவாடு. என் புத்தகங்களில் ஒரு வரியும் அவளுக்கு வாசிக்க வராது. ஆனால் அவற்றில் அவளுடைய மணம் இருந்தது. பக்கத்துக் கதிரையில் இருந்தவன் நான் புத்தகம் விரிக்கும்போதெல்லாம் மூக்கைப் பொத்துவான். நான் வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்தைப் பற்றியும் இந்தக் கதையில் சொல்ல வேண்டி வரும்.

கருவாடு காயவைப்பவளுக்கு உலகத்தில் மூன்று எதிரிகள்: மழை, காகம், பூனை. மழையோடு சண்டை பிடிக்க முடியாது. காகத்துக்குச் செத்த காகம் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டால் போதும். மிச்சம் பூனை. விரித்த வலைகளின் மேல் மீன் வெயிலில் கிடக்க, ராத்தா நிழலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் மடியில் கூழாங்கற்களோடு உட்கார்ந்திருப்பாள். குறி தப்பாது. வாடியைச் சுற்றித் திரிந்த பூனைகளுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தாள். வால் அறுந்தது மொட்டைவால். வருடத்துக்கு மூன்று தடவை குட்டி போடுவது சாம்பலி. பெரிய கடுவன் பூனை ஒன்று, தலையை நிமிர்த்தி, வேலையைப் பார்வையிடும் அதிகாரியைப் போல, காய்கிற மீனையெல்லாம் வரிசையாகப் பார்த்துக்கொண்டு நடக்கும். அது ஓவசியர். "அடேய் ஓவசியர், சம்பளம் எடுக்க வந்திட்டியா? ஒப்பம் வெச்சிட்டுப் போ!" என்று சொல்லும்போதே கல் போய் அவன் முன்னங்காலடியில் விழும். அவன் ஓட மாட்டான். இரண்டடி தள்ளி உட்கார்ந்து, கதிரை காலியாகும் நேரத்துக்குக் காத்திருப்பான்.

எனக்குப் புத்தளத்தில் ஓர் அரச அலுவலகத்தில் முகாமைத்துவ உதவியாளர் வேலை கிடைத்தது. முதல் சம்பளம் எடுத்த அன்று பின்னேரம் வாடிக்குப் போய், "ராத்தா, என்ன வேணும் கேளுங்க" என்றேன். சாரி கேட்பாள், போன் கேட்பாள் என்று நினைத்திருந்தேன். அவள் மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டே, தலை நிமிராமல், "கேட்டா சிரிக்கக் கூடா" என்றாள்.

"சிரிக்கல்ல."

"பூனைக்குட்டி ஒண்டு."

நான் சிரித்துவிட்டேன். "பாத்தியா, சிரிச்சிட்டே!" என்று செதில் ஒட்டிய கையால் என் காலில் அடித்தாள். "விரட்டி விரட்டிக் கை நோகுதெண்டு சொல்றது நீங்கதானே ராத்தா?" என்றேன். "இதெல்லாம் கள்ளன்கள்டா. நான் சொல்றது கண்ணாடிக்குள்ள இரிக்கிற பூனை. டவுன்ல, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். மச்சான் அனுப்பும் காசை எடுக்க மாதம் ஒருமுறை டவுனுக்குப் போவாள். போகும்போதெல்லாம் அந்தக் கடையின் கண்ணாடிக்கு முன்னால் நின்றுவிட்டுத்தான் பஸ் ஏறுவாளாம். ஒரு வருடத்துக்கு மேலாக இது நடந்திருக்கிறது. ஒரு நாளும் உள்ளே போகவில்லை. "என்ட மணத்துக்கு அந்தக் கண்ணாடியே கலங்கிப் போயிரும்" என்றாள். அந்தக் காட்சி நான் பார்க்காதது. ஆனாலும் அது எனக்கு மிகத் தெளிவாகத் தெரிகிறது. பஸ்கள் புழுதி கிளப்பிப் போகின்றன. கறுப்பு அபாயா போட்ட ஒருத்தி கண்ணாடிக்கு இரண்டடி தள்ளி நிற்கிறாள். உள்ளே வெள்ளையாக ஒன்று பஞ்சு போலச் சுருண்டு தூங்குகிறது. அவளுடைய முகம் கண்ணாடியில் மங்கலாக விழுந்து, அந்தத் தூக்கத்தின் மேல் கிடக்கிறது.

வாப்பாவும் சேர்ந்து மூன்று பேருமாகப் போனோம். உள்ளே நீல நிறக் குழல்விளக்கு. மீன்தொட்டிகளில் குமிழிகள் ஓயாமல் ஏறிக்கொண்டிருந்தன, கடலுக்கு அடியில் நடப்பதுபோல இருந்தது. கீழ்த்தட்டில் நாய்க்குட்டிகள் கம்பி வழியாக நாக்கை நீட்ட, வாப்பா நாயின் எச்சில் படாமல் சாரத்தை முழங்கால் வரை தூக்கிப் பிடித்து, வெள்ளத்தில் நடப்பவரைப் போல நடந்தார். ஒரு குட்டி அவரைப் பார்த்து வாலாட்டியது. "நீயும் அல்லாஹ்ட படைப்புத்தான். ஆனா அங்கேயே இரி" என்றார். சுவரில் ஒரு அறிவித்தல் தொங்கியது: 'விற்ற பிராணிகளுக்கு ஏழு நாள் பொறுப்பு. பற்றுச்சீட்டு அவசியம்.' எழுத்து எங்கே இருந்தாலும் வாசித்துவிடுவது என் பழக்கம். வாசித்தேன்.

கண்ணாடிக்குள் நான்கு குட்டிகள். ராத்தா கேட்டது வெள்ளையை. முதலாளி இருபத்தேழாயிரம் என்றார். ஆனால் வாப்பாவை நிறுத்தியது விலை இல்லை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காதால் கேட்டதை மறக்கவும் தெரியாது. "முதலாளி, கோபிக்கக் கூடா. பூனைய வித்த காசு மார்க்கத்துல ஆகாதெண்டு பள்ளிப் பயான்ல சொன்னாங்க. ஆகுமெண்டு சொல்ற ஆலிம்களும் இரிக்காங்க. எனக்கு நடுவுல நிண்டு தீர்ப்புச் சொல்லத் தெரியா. தெரியாத விசயத்துல தள்ளி நிக்கிறது என்ட பழக்கம்."

"அப்ப சும்மா தரவா ஐயா? இதுகள்ட சாப்பாட்டுக்கே நாளைக்கு எவ்வளவு போகுது தெரியுமா?"

ராத்தாவின் விரல் கண்ணாடியில் இருந்தது. குட்டி எழும்பி வந்து, மறுபக்கத்தில் அதே இடத்தில் தன் பாதத்தை வைத்தது. எத்தனை தடவை சவர்க்காரம் போட்டுக் கழுவியிருப்பாளோ, நகத்தோரத்தில் ஒரேயொரு செதில் மிச்சமிருந்து அந்த நீல வெளிச்சத்தில் மினுங்கியது. அதைப் பார்த்ததும் எனக்கு எப்படியாவது இதை முடித்துக் கொடுக்க வேண்டும் என்று வந்துவிட்டது. அலுவலகத்தில் என் வேலை பற்றுச்சீட்டுகளைச் சரிபார்ப்பது. கடதாசியில் இருப்பதுதான் நடந்தது என்று நம்புவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். "முதலாளி, இந்தக் கூடு என்ன விலை?" என்றேன்.

"ஆறாயிரத்து ஐந்நூறு."

"கூட்டுக்கு இருபத்தேழாயிரம் போடுங்க. பூனை ஹதியா, உங்கட அன்பளிப்பு."

முதலாளி ஒரு கணம் விழித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "கூட்டுக் காசையும் இதுக்குள்ளயே அடக்கிட்டீங்க, படிச்ச தம்பி படிச்ச தம்பிதான்!" வாப்பா முதலாளியின் முகத்தைப் பார்த்து, "மனசாரத் தாறீங்களா மகன்?" என்று கேட்டார். "மனசாரத் தாறேன் ஐயா." அவர் கையில் குட்டி இருந்ததால் பில் புத்தகத்தை என்னிடமே தள்ளினார். நான் என் அழகான கையெழுத்தில் எழுதினேன்: 'கூடு - 1.' ஊசி போட்டதா என்று கேட்டேன். "எல்லாம் போட்டாச்சு. மூணு மாசக் குட்டி." கார்ட் இருக்கிறதா என்றேன். மேசை லாச்சியைத் திறந்தவர் பாதியில் நிறுத்தி, "கார்ட் வித்த பூனைக்குத்தானே தம்பி, அன்பளிப்புக்கு எதுக்கு?" என்று மூடினார். எல்லோரும் சிரித்தோம். வாப்பா என் முதுகில் தட்டினார். பிறத்தி ஆட்களுக்கு முன்னால் அவர் என் முதுகில் தட்டியது அதுதான் முதல் தடவை. கடை வாசலைத் தாண்டும்போது, படித்த படிப்பு இன்றைக்குத்தான் பயன்பட்டது என்று நினைத்தேன்.

பஸ்ஸில் ராத்தா கூட்டை மடியில் வைத்துக்கொண்டாள். அவளுடைய கருவாட்டுச் சாக்குக்கு முகம் சுளிக்கும் அதே சனம் எட்டி எட்டிப் பார்த்தது. சாக்குக்கு டிக்கெட் வெட்டும் நடத்துனர் கூட்டுக்கு வெட்டவில்லை. பாலாவிப் பக்கம் உப்பளங்கள் வெள்ளையாக விரிந்து போய்க்கொண்டிருந்தன. "இதுக்கு ஐஸ் எண்டு பேர் வெப்பம்" என்றாள். மீன் வேலை செய்கிறவளுக்கு உலகத்தில் மிக வெள்ளையான, மிகச் சுத்தமான பொருள் ஐஸ்தான்.

அடுத்த சில நாட்களை நான் நினைக்கும்போது, நடந்தவையா கனவில் வந்தவையா என்று பிரிக்க முடிவதில்லை. ராத்தா தேசிக்காய்த் தோலால் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் ஐஸைத் தூக்குவாள். கதிரையில் அவள் மடியில் கூழாங்கற்கள் கிடந்த இடத்தில் ஐஸ் கிடந்தது. அதனோடு கதைக்க அவளுக்கென்று ஒரு குரல் இருந்தது. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. தூரத்தில் மின்சாரக் காற்றாடிகள் சோம்பலாகச் சுற்றின. கல் வராத அதிசயத்தில் ஓவசியர் ஒவ்வோர் அடியாகக் கிட்டே வந்து பார்த்தான்.

நாலாம் நாள், விடுமுறை, நானும் வாடியில் இருந்தேன். ஐஸ் தட்டில் வைத்த சாப்பாட்டை முடிக்கவில்லை. கடையில் வாங்கிய விலையுயர்ந்த சாப்பாடு. ராத்தா தட்டைப் பார்த்தாள், ஓவசியரைப் பார்த்தாள். "வா. இண்டைக்கு ஒனக்குப் பெருநாள் எண்டு நினைச்சிக்க" என்று தட்டை மணலில் வைத்தாள். அவன் முதலில் அவளுடைய கையைத்தான் பார்த்தான், கல் இருக்கிறதா என்று. பிறகு வந்து தின்றான். பின்னால் சாம்பலி குட்டிகளோடு வந்தாள், மொட்டைவால் வந்தது. எனக்கு அது அழகாக இருந்தது. போனில் ஒரு படமும் எடுத்தேன். அவள் தன் வாழ்நாளில் அவற்றுக்கு வைத்த முதல் சாப்பாடு அது.

மறுநாள் ஐஸ் தின்றதையெல்லாம் சத்தி எடுக்கத் தொடங்கியது. புத்தளத்து மிருக வைத்தியர் ஓர் இளம் பெண். குட்டியின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துவிட்டு, "மூணு மாதமா? ஆறு வாரம் இருந்தாலே பெரிய விசயம். இந்த வயசில் தாயை விட்டுப் பிரிச்சதே தப்பு. ஊசிக் கார்ட் எங்கே?" என்றார். நான் சட்டைப் பையிலிருந்து பில்லை எடுத்துக் கொடுத்தேன். அவர் முன்னும் பின்னும் திருப்பினார்.

"இது கூட்டுக்குரிய பில்."

"ஓம் டொக்டர்."

"பூனைக்கு?"

"பூனை... ஹதியா."

டொக்டர் ராத்தாவின் பக்கம் திரும்பி, இது பூனைகளுக்கு மட்டும் வருகிற ஒரு தொற்று, மனிதருக்கு வராது, ஆனால் தட்டிலும் துணியிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் தங்கும் என்று சொல்லி, "வீட்டில் வேறு பூனை இருக்கா?" என்று கேட்டார். "இல்லை" என்றாள் ராத்தா உடனே. பிறகு, "வாடியில இரிக்கி. எங்கட இல்ல. கள்ளன்கள்" என்றாள். "அதுகள் இந்தக் குட்டியின் தட்டில் சாப்பிட்டதா?"

ஐஸுக்கு ஒவ்வொரு நாளும் சேலைன் ஏற்ற வேண்டியிருந்தது. பிழைத்தது. வாடியில் இருந்தவை பிழைக்கவில்லை. முதலில் மீன்பெட்டிகளுக்குப் பின்னால் இருந்த சாம்பலியின் குட்டிகள். பிறகு சாம்பலி. பிறகு மொட்டைவால். ஓவசியர் தண்ணீர்ச் சட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்து, விளிம்பில் நாடியை வைத்துக்கொண்டு, குடிக்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். டொக்டரிடம் கொண்டுபோக ராத்தா கையை நீட்டினாள். எழும்பவே முடியாதவன், அந்தக் கையைக் கண்டதும் மணலில் ஊர்ந்து ஊர்ந்து, கவிழ்த்து வைத்திருந்த வள்ளத்துக்கு அடியில் போய்விட்டான். ஒரு தட்டுச் சாப்பாடு போதவில்லை. அந்தக் கை என்றால் அவனுக்குக் கல்தான். ராத்தா வள்ளத்துக்குப் பக்கத்தில் மணலில் படுத்து, ஐஸோடு கதைக்கும் அந்தக் குரலில் அவனைக் கூப்பிட்டாள். அவன் வரவில்லை. வாப்பா ஒவ்வொன்றாகப் பழைய வலைத்துண்டில் சுற்றிக் கொண்டுபோய்ப் புதைத்தார். ஆகுமா ஆகாதா என்று அதன் பிறகு அவர் ஒரு நாளும் கதை எடுக்கவில்லை.

அவை சாவதற்கு முன்பே, ஐஸை டொக்டரிடம் காட்டிய மறுநாள், நான் மதிய இடைவேளையில் கடைக்குப் போனேன். காசுக்காக அல்ல, மற்றக் குட்டிகளுக்கும் நோய் இருக்கும் என்று சொல்லத்தான். ஏழு நாள் இன்னும் முடியவில்லை, பில்லும் கையில் இருந்தது. முதலாளி அதை வாசித்துவிட்டு, "தம்பி, நீங்க வாங்கினது கூடு. கூட்டுல பழுதெண்டா இப்பவே மாத்தித் தாறேன்" என்றார். நக்கலாகச் சொல்லவில்லை. நாம் அன்று எல்லோருமாக ஒத்துக்கொண்டதைத்தான் திருப்பிச் சொன்னார். கண்ணாடிக்குள் இரண்டு குட்டிகள் மிச்சம். ஒரு தகப்பன் தோளில் பெண்பிள்ளையைத் தூக்கி வைத்து அவற்றைக் காட்டிக்கொண்டிருந்தார். வாங்காதீங்க என்று ஒரு சொல் சொன்னால் போதும். அலுவலகத்து ஆட்கள் யாராவது, நான் பூனைக்காகச் சண்டை பிடிப்பதைக் காண்பார்களோ என்று தோன்றியது. என் கையெழுத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். பின்னேரம் ராத்தா, "சொன்னியா தம்பி? அங்க மத்தக் குட்டிகளும் இரிக்கிதானே" என்றாள். "சொன்னேன்" என்றேன்.

மறுநாள் பகல் அலுவலகத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து, "பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல கருவாட்டு மணத்தோட ஒரு பொம்பள, வெறுங்கூட்ட வெச்சிக்கிட்டு நிக்கிறா. சனம் கூடிட்டு" என்றார். எனக்கு விளங்கிவிட்டது. ஐஸைச் சேலைனுக்கு விட்டுவிட்டு வந்தவள், பஸ்ஸுக்குப் போகும் வழியில் கண்ணாடிக்குள் பார்த்திருக்கிறாள். இரண்டு குட்டிகளும் அப்படியே இருந்திருக்கின்றன.

நான் போனேன். ஆனால் தெருவின் இந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அலுவலக அட்டை. அவள் சத்தம் போடவில்லை. கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் மெதுவாக, "மகன், உள்ளுக்கு இரிக்கிற பூனைக்கு நோய். டொக்டர் சொன்னது. இப்ப வாங்காதீங்க" என்றாள். பிள்ளையோடு வந்த ஒரு தாயிடம், "நாய்க்குட்டி வேணுமெண்டாப் பாருங்க மகள், அதுக்கு இது தொத்தாதாம்" என்றும் சொன்னாள். நியாயத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஓட்டோக்காரர் ஒருவர், "ராத்தா, கூட்டுக்குள்ள மச்சானையா வெக்கப் போறீங்க?" என்று கத்த, சனம் சிரித்தது. "மச்சான் பெரிய ஆள். ஒனக்குத்தான் அளவு சரி, வா, வந்து பாரு" என்றாள். சனம் இன்னும் சிரித்தது.

முதலாளி வெளியே வந்தார். "என்ன உம்மா, என்ட வயித்துல அடிக்கிறீங்க? காசுதானே? இருபத்தேழும் தாறேன், போங்க."

"எந்தக் காசு? காசு கூட்டுக்குக் குடுத்தது. கூடு நல்லாத்தான் இரிக்கி, பாருங்க." கூட்டின் கதவைத் திறந்து மூடிக் காட்டினாள். "பூனைய நீங்க எனக்கு மனசாரத் தந்தது. வாங்கின ஹதியாவத் திருப்பிக் குடுக்கிற பழக்கம் எங்களுக்கு இல்ல. அந்த ரெண்டு குட்டியையும் டொக்டர்ட்ட கொண்டுபோங்க. அது வரைக்கும் நான் இங்கதான் நிப்பேன். எனக்கு வெயில் பழக்கம். கருவாடு காயப் போடுறவள் நான்."

எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு தெருதான். பஸ் ஒன்று குறுக்கே வந்து நிற்கும், அவள் மறைவாள். பஸ் போகும், அவள் அங்கேயே நிற்பாள். வெயிலில் கூட்டின் நிழல் அவளுடைய அபாயாவில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் அடுத்த பஸ் வரட்டும் என்று நினைத்தேன். புத்தகத்தை விரிக்கும்போதெல்லாம் மூக்கைப் பொத்தியவனின் முகம் ஏனோ ஞாபகம் வந்தது. எத்தனையாவது பஸ்ஸுக்குப் பிறகு கடந்தேன் என்று எனக்குத் தெரியாது. கடந்துபோய் அவள் கையிலிருந்து கூட்டை வாங்கினேன். "இவங்க என்ட ராத்தா" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "இந்த பில்ல எழுதினது நான். பூனையத்தான் வாங்கினோம். கூடு எண்டு எழுதினது என்ட பொய்." ராத்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். முந்தின நாள் 'சொன்னேன்' என்ற என் பொய்யைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, இன்றுவரையும் கேட்கவில்லை. "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

முதலாளி கெட்ட மனிதர் இல்லை. இரண்டு குட்டிகளையும் ஒரு மட்டைப் பெட்டியில் போட்டு, ஷட்டரை இழுத்துவிட்டு, எங்களோடு டொக்டரிடம் வந்தார். வழியில், குட்டிகள் எங்கிருந்தோ பெட்டி பெட்டியாக லொறியில் வருகின்றன என்று சொன்னார். "வயசும் ஊசியும் எனக்குச் சொல்றதத்தான் நான் சொல்றேன் தம்பி. நானும் கண்ணால கண்டதில்ல." கடதாசியை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற எனக்கு, அவரிடம் கோபப்பட முடியவில்லை.

பூனைகளெல்லாம் போன பிறகு வாடியில் ஓர் அமைதி வந்தது. மீன் வெயிலில் கிடந்தது, ராத்தா கதிரையில் இருந்தாள், மடியில் கல் இருந்தது, குறிவைக்க ஒன்றும் இல்லை. இப்போதும் சில வேளை அந்த வெறும் மணல் என் கனவில் வரும். அலை கூடச் சத்தமில்லாமல் வந்து போகும். மாரி தொடங்குமுன் நல்ல கட்டாக் கருவாட்டைச் சாக்கில் கட்டி, விலை ஏறும் வரை வாடிக்குள் அடுக்கி வைப்பது எங்கள் வழக்கம். அந்த வருடமும் வைத்தோம். மழை விட்டு வியாபாரி வந்து முதல் சாக்குக்குள் கையை விட்டவர் சட்டென்று இழுத்துக்கொண்டார். சாக்குகளின் பின்பக்கம் முழுக்க எலி. நாலு சாக்கும் போய்விட்டது. ஐஸ் கதிரையில் உட்கார்ந்திருந்தது. காலடியால் ஒரு எலி ஓட, உரோமத்தைச் சிலிர்த்துக்கொண்டு கதிரை முதுகில் ஏறிவிட்டது. ராத்தா கிழிந்த சாக்கை எடுத்து மணலில் உதறினாள். பிறகு, "சம்பளம் எடுக்க வந்தியா எண்டு பகிடிக்குத்தான்டா கேட்டேன். அவன் உண்மையாத்தான் வேலை செஞ்சிரிக்கான்" என்றாள்.

வாடியைக் குளோரின் போட்டுக் கழுவினோம், மேல்மணலை அள்ளிக் கொட்டினோம். கற்பிட்டிச் சந்தையில் மீன்தலைக்கு அலைந்த மூன்று பூனைகளை ராத்தாவே பிடித்தாள். அதே கூட்டில் வைத்து, முதலில் டொக்டரிடம்தான் கொண்டுபோனாள். "ஊர்ப் பூனைக்கு ஊசியா? அடுத்தது பள்ளிக்கூடத்துக்கும் அனுப்புவா" என்று ஊரே சிரித்தது. "அனுப்புவேன். ஏற்கனவே ஒண்ட அனுப்பினவள்தானே" என்று என்னைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். மூன்றுக்கும் ஐஸுக்குமாக நாலு தட்டு. ஒன்றின் தட்டில் மற்றது வாய் வைக்கக் கூடாது. சாப்பிட்டதும் கழுவிக் கூட்டுக்குள் போட்டு உயரத்தில் தொங்கவிடுவாள், எலி எட்டாமல். மீனுக்குக் கிட்டே வந்தால் இப்போதும் கல் போகும். ஆனால் குறி தப்பாதவளின் கல் ஒன்றும் இப்போது அவற்றுக்குக் கிட்டக் கூட விழுவதில்லை.

கற்பிட்டிக்குச் சுற்றுலா வருகிறவர்கள் சிலர் வாடியடியில் வாகனத்தை நிறுத்துவார்கள். கருவாட்டுக்கு நடுவில் கதிரையில் படுத்திருக்கும் வெள்ளைப் பூனையைக் கண்டு, இது என்ன விலை என்று கேட்பார்கள். போன கிழமையும் ஒருவர் கேட்டார். "பூனைக்கு ஒரு சதமும் குடுக்கல்ல. ஹதியாவா வந்தது. காசு கூட்டுக்குத்தான்" என்றாள் ராத்தா. அவர் நிமிர்ந்து பார்த்தார். துருவேறிய கூடு காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது, தட்டுகள் கிணுகிணுத்தன. "அப்ப கூடு எவ்வளவு?" என்று சிரித்தார். ராத்தா என் பக்கம் திரும்பி, "கணக்கு இவருக்குத்தான் தெரியும், படிச்சவர்" என்றாள். நான் டொக்டரையும் சேலைனையும், நாலு சாக்குக் கட்டாவையும், மூன்று ஊர்ப் பூனைகளின் ஊசியையும் அந்தக் கூட்டின் மேலேயே போட்டு, இந்தத் தடவை ஒன்றையும் மாற்றாமல் சொன்னேன்: இரண்டு லட்சத்து முப்பத்தாறாயிரம் ரூபா.